மர்மக் காட்டில் எனக்குக் கிடைத்த வேலை

அந்தக் காட்டில் மர்மம் என்று ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து கேட்கக் கூடாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வட்டைகள் முடிந்து, குளக்கட்டும் முடிந்த பிறகு தொடங்கும் பற்றைக் காடு அது. பாலை, வீரை, முட்செடி, யானை லத்தி, இவைதான் உள்ளே. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பனி மூடும். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் போய்விடும். பனி இருக்கும்போது பத்தடி தள்ளி நிற்கும் எருமை நமக்குத் தெரியாது, எருமைக்கும் நம்மைத் தெரியாது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நான் அந்தப் பனிக்குள் மாடு தேடியிருக்கிறேன், விறகு கட்டியிருக்கிறேன், வயிற்றோட்டத்தோடு குந்தியும் இருந்திருக்கிறேன். ஒரு பேயும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

நான் ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் முழுதாக ஒரு வருடம் இருந்ததாக ஞாபகம் இல்லை. பெரியகல்லாற்றில் கரைவலை இழுத்தேன். ஏறாவூரில் ஒரு சீமெந்துக் கடையில் மூட்டை சுமந்தேன். கட்டார் நாட்டில் இரண்டு கோடை தாங்கிவிட்டு மூன்றாவது கோடைக்கு உடம்பு மறுத்ததால் திரும்பினேன். வெறுங்கையோடு வரும்போதெல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் போவேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்க மாட்டாள், எப்போது போவாய் என்றும் கேட்க மாட்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டு விறகுக்குப் போய்விடுவாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, சண்டைக் காலத்தில், வீட்டு வளவுக்குள் செல் குண்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆடு செத்தது, அவளுக்குக் காது போனது. வாயசைவைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்வாள். முகம் திருப்பி நின்றால் முதுகுக்குப் பின்னால் வெடி வெடித்தாலும் அசைய மாட்டாள். அந்தக் காதோடுதான் முப்பது வருடத்துக்கு மேலாக யானைக் காட்டுக்குள் போய் வருகிறாள். விறகுதான் அவளுக்குச் சோறு. அவள் உயிரோடு போய்வர முடிந்ததற்குக் காரணம் அந்தப் பக்கத்துப் பெண்களின் ஒரு வழக்கம்.

விறகுக்குப் போகிறவர்கள் ஐந்து பேர். காட்டின் வாசலில் ஒரு பெரிய பாலை மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு கல்லைப் பிள்ளையார் என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போது ஒவ்வொருத்தியும் இலையோடு ஒரு சிறு கொப்பை முறித்து, தாழ்ந்த கிளையின் கவட்டில் செருகுவாள். அதைக் குழை என்பார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் குழை வைப்பது மற்ற இடங்களிலும் உண்டு, ஆனால் வைப்பதோடு சரி. இங்கே வெளியே வரும்போது அவரவர் குழையை அவரவர் எடுத்துக் காட்டுப் பக்கம் எறிந்துவிட வேண்டும். ஒருத்திக்காக இன்னொருத்தி காத்து நிற்பதில்லை, எல்லாருக்கும் வீட்டில் வேலை கிடக்கிறது. குழை நின்றால் ஆள் உள்ளே. குழை இல்லையென்றால் காட்டில் ஒருவரும் இல்லை.

வயல் காவலைப் பார்க்கும் வட்டை விதானையும் இதைப் பார்த்துத்தான் நடப்பார். இரவு வயலுக்கு வந்த யானைகள் சில நாட்களில் விடிந்த பிறகும் குளத்துப் புல்லுக்குள் நிற்கும். அவற்றைப் பத்து மணிபோல யானை வெடி போட்டுக் காட்டுக்குள் திருப்பிவிடுவார்கள். பாலை மரத்தில் ஒரு குழை மிஞ்சியிருந்தாலும் வெடியில் நெருப்பு வைக்க மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. எழுதி வைத்த பல சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதம், கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில் காடு தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே கொழும்பில் இருந்து ஒரு தம்பி வந்திருந்தான். முப்பது வயது இருக்கும், தாடியைச் சீவி எண்ணெய் பூசியிருந்தான். அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி வில்லாளி, ஒருத்தன் குள்ளன். வழக்கமாக மேசையைச் சுற்றி இருந்து ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் இருபது முகம் உள்ள தாயக்காயை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் பூதம் சாகும், சிறிய எண் விழுந்தால் நீ சாவாய். மேசையில் செத்துச் செத்து அலுத்துப்போய், இந்த முறை உண்மையான காட்டில் விளையாடலாம் என்று பன்னிரண்டு பேர் புறப்பட்டு வந்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள். கணினிக்கு முன்னால் உத்தியோகம். வாவியைத் தாண்டினால் யானைக்குப் பயந்து இரவில் கண் மூடாமல் வயல் காக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இவர்கள் பயப்படுவதற்கென்று லீவு எடுத்து வந்திருந்தார்கள்.

“மர்மமான ஒரு காடு வேணும் அண்ணா. ஃபுல்லா மிஸ்ட் மூடி இருக்கணும்,” என்றான் தம்பி.

இருக்கிறது என்றேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பனி எட்டு மணிக்குப் போய்விடும் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. விளையாட்டுப் பதினொரு மணி வரை நடக்க வேண்டுமாம். அதனால் கல்யாண மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையேற்றும்போது விடுவார்களே, அந்தப் புகை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். அதற்கு ஒரு ஜெனரேட்டர். இரண்டையும் குளக்கட்டு வழியாகக் காட்டு வாசலுக்குச் சுமந்தவன் நான். தை மாதத்துப் பனிக்குள்ளே வாடகைப் புகையைத் தோளில் சுமந்துகொண்டு போன மனிதன் மட்டக்களப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதுவரை அவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

விளையாட்டுக்கு இரண்டு நாளுக்கு முன்பு தம்பி ஒரு கொப்பியோடு என் முன்னால் உட்கார்ந்தான். இந்தக் காட்டைப் பற்றி ஏதாவது கதை இருக்கிறதா, பழைய நம்பிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். என்னிடம் ஒருவன் கொப்பி வைத்துக்கொண்டு கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை பெருத்துவிட்டது. குழையைப் பற்றிச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் போதும். குழை நின்றால் ஆள் உள்ளே, அதைத் தொடாதே என்று ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை அவன் எழுதிக்கொள்ள மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அது வெறும் ஒழுங்கு, அதில் கதை இல்லை. ஆகவே, காட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் உயிரைக் குழையில் வைத்துவிட்டுப் போவார்கள் என்றேன். குழை கையில் இருப்பவனைக் காடு தொடாது என்றேன். எல்லாம் அந்த நிமிடத்தில் என் வாயில் பிறந்த பொய். அவன் பேனா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு பிளேன்டீயும் வாங்கித் தந்தான்.

விளையாட்டு நாளன்று விடிய முன்பே வந்துவிட்டார்கள். கம்பளித் துணியில் நீண்ட போர்வை, இறப்பர் வாள், ஒருத்தன் தலையில் மாட்டுக் கொம்பு. எனக்குக் காட்டுக் கிழவன் வேஷம். ஒரு சாக்கைப் போர்த்தி, ஆட்டு மயிரில் தாடி ஒட்டினார்கள். உள்ளே அரை மைல் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. அங்கே நான் நிற்க வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது, “ஐந்தாவது குழை எங்கே?” என்று ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். அவர்கள் தேடவென்று நீல நாடா கட்டிய குழைகள் ஐந்தைத் தம்பி அங்கங்கே பற்றைகளில் செருகி வைத்திருந்தான். பாலை மரத்தில் அவன் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அந்த மரத்தைத் தொடக் கூடாது என்று அவன் மற்றவர்களுக்குச் சொல்லவும் இல்லை. நான் அவனுக்குச் சொல்லாததை அவன் எப்படிச் சொல்வான்?

அக்காவும் மற்ற நாலு பேரும் ஆறரைக்குக் குழை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். என்னை அந்தத் தாடியோடு பார்த்து நாலு பேரும் சிரித்தார்கள். “கிழவனாருக்குப் பொண்டாட்டி வேணுமாமோ?” என்று ஒருத்தி கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. தாடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பாறைக்குப் பக்கத்தில் நான் மூன்று மணி நேரம் நின்றேன். பனி போய்விட்டது, வெயில் சாக்குக்குள் புழுங்கியது, நுளம்பு கடித்தது. தூரத்தில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் நாலு குழையைக் கண்டுபிடித்து, இல்லாத பூதங்களோடு இறப்பர் வாளால் சண்டை பிடித்து, தாயக்காய் உருட்ட ஒரு சமதரை தேடி, பிஸ்கட் தின்று, ஒன்பதே முக்காலுக்கு என்னிடம் வந்தார்கள். நான் என் வசனத்தைச் சொன்னேன். “ஐந்தாவது குழை எங்கே?” மந்திரவாதி தாயக்காயை உருட்டினான். ஐந்தாவதைத் தேடி வாசலுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். ஓடினார்கள்.

நான் தாடியைச் சொறிந்துகொண்டு மெதுவாகப் பின்னால் நடந்தேன். நான் வாசலுக்கு வந்தபோது முதல் யானை வெடி கேட்டது. குளத்துப் பக்கம் இருந்து. பெண்கள் எல்லாரும் போய்விட்டார்களாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வில்லாளி வேஷம் போட்ட பிள்ளையைப் பார்த்தேன். புகைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கொண்டையில் ஒரு பாலைக் குழை செருகியிருந்தாள். அதில் நீல நாடா இல்லை.

எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். அந்த மரத்தில்தான், கடைசியாக ஒன்று மட்டும் இருந்தது, நல்ல காலம் வேறு யாரும் பார்க்கவில்லை என்றாள். நாலு பேர் வெளியே வந்து குழையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மிஞ்சிய ஒன்று அக்காவுடையது. அவள்தான் எப்போதும் தூரம் போகிறவள். யானைக்கு அஞ்சி மற்றவர்கள் நிற்கும் இடத்தில் விறகு இல்லை என்பாள்.

குளக்கட்டில் விதானையும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். நான் சாக்கும் தாடியுமாக ஓடியதைப் பார்த்து அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கையை ஆட்டினேன், அவர்களும் ஆட்டினார்கள். நான் கிட்டப் போவதற்குள் இன்னும் இரண்டு வெடி போட்டுவிட்டார்கள்.

“அக்கா உள்ள,” என்றேன்.

“குழை இல்ல. ரெண்டு தரம் பாத்தன்,” என்றார் விதானை.

“குழைய எடுத்துப்போட்டாங்க. அக்கா உள்ளதான் நிக்கிறா.”

அவர் கையில் இருந்த வெடியை மடிக்குள் வைத்தார். ஏழு யானைகள், அதில் ஒன்று குட்டி, புல்லுக்குள் இருந்து கிளம்பிக் காட்டுத் தடத்தில் ஏறிவிட்டிருந்தன. அந்தத் தடம் பாலை மரத்தில் இருந்து ஒரு பஸ் தரிப்பு தூரம்கூட இல்லை. நான் உள்ளே போகிறேன் என்றேன். விதானை என் சாக்கைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். குட்டி வைத்திருக்கும் யானை வெடிச் சத்தத்தில் மிரண்டிருக்கும்போது முன்னால் போனால் தேட வேண்டியது இரண்டு உடம்பு என்றார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். தலையில் விறகுக் கட்டு. பின்னால் மரங்களுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் முதுகுகள் அசைகின்றன. அவள் நேராகக் குளக்கட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. பாலை மரத்தடிக்குப் போனாள். கட்டை இறக்கி வைத்தாள். கவட்டைப் பார்த்தாள், குனிந்து நிலத்தைப் பார்த்தாள், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். தன் குழையைத் தேடினாள். எடுக்காமல் வந்தால் ஆள் உள்ளே என்று நினைத்து யாராவது தேடிப் போவார்கள், அவர்களுக்கு ஆபத்து. அதற்காகத் தேடினாள். நாங்கள் ஐந்து பேரும் கத்தினோம். காது கேட்கிறவனுக்குக் கத்தலாம். முன்னால் போன யானை நின்றுவிட்டது. காது இரண்டையும் விரித்தது. விதானை எங்கள் வாயைப் பொத்தச் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எங்களுக்குக் கீழே, கட்டின் சரிவில் வந்து நின்றார்கள். யானை விளையாட்டில் சேர்த்தியா என்று குள்ளன் தம்பியைக் கேட்டான். உண்மையாகவே கேட்டான். தம்பி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் வில்லாளியின் கொண்டையில் இருந்து குழையைப் பிடுங்கினேன். மயிரும் சேர்ந்து வந்தது, அவள் கத்தினாள். அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, யானை நிற்காத பக்கமாக வயல் வரம்பால் ஓடினேன். அக்கா நிமிரும்போது கண்ணில் படுகிற மாதிரி நின்று ஆட்டினேன். ஒரு தரம் நிமிர்ந்தாள், வேறு பக்கம் பார்த்தாள். இன்னொரு தரம் நிமிர்ந்தாள். கண்டுவிட்டாள். உடனே வரவில்லை. விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக மெதுவான நடை அது. யானை காதை மடக்கிக் குட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். குழையைப் பார்த்தாள்.

“நீயா எடுத்த?”

“இல்ல. நான் கதை சொல்லிக் குடுத்தன். அவங்க எடுத்தாங்க.”

அவள் போர்வைக்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் கைதட்டினார்கள். அவளும் வேஷக்காரி, நானே ஒழுங்கு செய்து ஒளித்து வைத்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து அவளோடு சேர்ந்து நின்று படம் எடுத்தாள். கைதட்டுகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. என் கையில் இருந்த குழையை வாங்கி, காட்டுப் பக்கம் திரும்பி எறிந்துவிட்டு நடந்தாள்.

தம்பி என்னிடம் வந்தான். கண் பளபளத்தது. “அண்ணா, நாங்க பிளான் பண்ணிச் செஞ்சிருந்தாலும் இப்பிடி வந்திருக்காது,” என்றான்.

அவன் அன்று காலை எவ்வளவு கிட்டத்தில் நின்று ஒரு சாவைப் பார்க்க இருந்தான் என்று சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்டான், அதையும் சொல்ல வேண்டும். பிறகு பஸ்ஸில் ஏறும்போது மற்றவர்களுக்கு அதை விவரிக்கிற சத்தம் கேட்டது. குரலில் இருந்தது பயம் இல்லை. இந்த ஆட்களுக்கு எதைக் கொடுத்தாலும் கதையாகத்தான் வாங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பழிப்பதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்கள் பன்னிரண்டு பேருக்கும் அந்தக் காட்டில் எது என்ன என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பிளேன்டீக்கும் ஒரு கொப்பிக்கும் தெரிந்ததை விற்றவன் நான்.

மறுநாள் ஐந்து பெண்களும் பாலை மரத்தடியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர்களில் மூத்தவள் பேசினாள்.

“இனி இந்தக் குழைக்குக் காவல் வேணும், மனே. எங்கள்ல ஒருத்தி இருந்தா அவட அடுப்பு எரியாது. நீதான் இருக்கோணும்.”

எத்தனை நாள் என்று கேட்டேன்.

“வயல் வெட்டு முடிஞ்சு யானை அங்கால போகுமட்டும். மறுகா நீ எங்கயும் போ.”

இன்னொருத்தி, தாடியையும் ஒட்டிக்கொண்டு இரு, பிள்ளையாருக்குத் துணையாக இருக்கும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவும் இல்லை, அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் இல்லை.

இருந்தேன். ஆறரையில் இருந்து கடைசி ஆள் வெளியே வரும் வரை, தினமும், ஒரே மரத்தடியில். கட்டாரில் ஐம்பது பாகை வெயிலில் கம்பி கட்டினது இதைவிடச் சுகம். முதல் வாரம் கால் நமைத்தது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி நின்றேன். பனி வரும், போகும். ஐந்து குழை நாலாகும், மூன்றாகும், ஒன்றாகும். அந்த ஒன்றைப் பார்த்தபடி நான் இருப்பேன். அக்கா வருவாள், தன் குழையை எடுத்து எறிவாள், என் முகத்தைப் பார்க்காமல் போவாள். வீட்டில் சோறு வழக்கம்போல மூடி வைத்திருந்தது. பேச்சுத்தான் இல்லை. காது கேட்காதவள் நம்மைப் பார்க்காமல் விட்டால் அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியே கிடையாது. நான் இரண்டு தரம் அவள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் கண்ணை மூடிக்கொண்டாள்.

இடையில் தம்பி ஒருநாள் தொலைபேசி எடுத்தான். அந்தக் காட்டை விளையாட்டில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டானாம். வரைபடம் கீறி, பனிக்கு நடுவில் மரத்தைப் போட்டு, செவிட்டுச் சூனியக்காரி ஒருத்தியையும் வைத்திருக்கிறானாம். அந்த மரத்தின் பெயர் என்ன என்று கேட்க எடுத்திருந்தான். தெரியாது என்றேன். அது பொய்தான், ஆனால் அந்தக் காட்டைப் பற்றி அவனிடம் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உருப்படியான பொய்.

பங்குனி நடுவில் வெட்டு முடிந்தது. வைக்கோல் மட்டும் கிடந்தது, யானைகளும் மேற்கே போய்விட்டன. அன்றும் அக்காதான் கடைசியாக வந்தாள். குழையை எடுத்து எறிந்தாள். கட்டைத் தலையில் வைத்தாள். பிறகு நின்று, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இனி நீ போகலாம்,” என்றாள்.

விறகை வீடு வரை நான் சுமக்கிறேன் என்றேன். வாயசைவை முழுதாகப் பார்த்தாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடந்தாள். நான் மத்தியானப் பஸ்ஸில் ஓட்டமாவடிக்கு ஏறினேன். அங்கே ஒரு அரிசி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி.